பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும்

வாசகர் கேள்வி – பதில்

இம்முறை வந்த கடிதங்களில் நான்கு ஒரே கேள்வியைச் சுற்றியே நின்றன. ஆகையால் வழக்கம்போலப் பல விடயங்களைத் தொட்டுச் செல்லாமல் அந்த நான்குக்கும் மாத்திரமே இப்பக்கங்களை ஒதுக்கியிருக்கிறேன். வீட்டுக்கடனைப் பற்றியும் முழங்கால் வலியைப் பற்றியும் கேட்டவர்கள் அடுத்த இதழ்வரை பொறுத்தருள வேண்டும்.

கேள்வி: நான் 1982 இல் சாம்பியாவின் கிட்வே நகரில் பிறந்தேன். அப்பா அங்கே கணித ஆசிரியராக இருந்தார். எனக்கு ஏழு வயதானபோது பொட்ஸ்வானாவின் தலைநகரான கபரோனிக்கும், பதின்மூன்று வயதில் லண்டனுக்கும் போனோம். படிப்பையும் முதல் வேலையையும் லண்டனில் முடித்து, பின்னர் பத்து வருடங்கள் டுபாயில் வேலை பார்த்துவிட்டு, இரண்டு வருடங்களாக அம்மாவோடு வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடியில் இருக்கிறேன். அப்பாவின் ஊர் கரவெட்டி. அம்மா மட்டக்களப்பு, கல்லடி. இரண்டு ஊர்களிலும் சேர்த்து நான் இரண்டு மாதங்கள்கூட வாழ்ந்ததில்லை. இங்கே லிஃப்டில் ஏறினால் வயதானவர்கள் “பிள்ளை எவடம்?” என்று கேட்கிறார்கள். சாம்பியா என்றால் சிரிக்கிறார்கள், லண்டன் என்றால் “அது சரி, சொந்த ஊர்?” என்கிறார்கள், கரவெட்டி என்றால் “கரவெட்டியில் எவடம்? ஆருடைய ஆக்கள்?” என்று தொடர்கிறார்கள். அதற்குமேல் எனக்குப் பதில் தெரியாது. கபரோனியில் பள்ளித் தோழிகள் “ஓ பினா எங்?” என்று கேட்டபோதும், லண்டனில் “உண்மையில் எங்கிருந்து வருகிறாய்?” என்று கேட்டபோதும் இப்படித்தான் விழித்தேன். பேசாமல் ‘யாதும் ஊரே’ என்று சொல்லிவிடலாமா என்றுகூடத் தோன்றுகிறது. (வாசகி, வெள்ளவத்தை)

பதில்: உங்கள் கடிதத்தில் ஐந்து நாடுகள் வந்து போனாலும் என்னை நிறுத்தி வைத்தது பொட்ஸ்வானாதான். செட்ஸ்வானா மொழியில் ‘பினா’ என்றால் ஆடுதல், ஆகவே “ஓ பினா எங்?” என்பதன் நேர்ப்பொருள் “நீ எதை ஆடுகிறாய்?” என்பதாகும். முதலையைக் குலச்சின்னமாகக் கொண்ட பக்வேனா மக்கள் முதலையை ‘ஆடுகிறார்கள்’. பங்வாட்டோ மக்கள் ஒரு வகைச் சிறுமானை ஆடுகிறார்கள். உங்கள் தோழிகள் நாட்டைக் கேட்கவில்லை, உங்களை எந்தக் குலத்தோடு சேர்த்து நினைவில் வைத்துக்கொள்வது என்று கேட்டார்கள். லண்டனில் அதே கேள்வியை இரண்டாவது தடவையாக, ‘உண்மையில்’ என்ற சொல்லையும் சேர்த்துக் கேட்டவர் உங்கள் தோலின் நிறத்துக்கு விளக்கம் தேடினார். வெளிநாட்டவரே பெரும்பான்மையாக வாழும் டுபாயில், ஒருவர் தங்கியிருப்பது பெரும்பாலும் வேலையோடும் விசாவோடும் பிணைந்திருப்பதால், கேட்பவருக்குத் தேவைப்படுவது உங்களிடம் எந்த நாட்டுக் கடவுச்சீட்டு இருக்கிறது என்ற தகவல் மாத்திரமே. வெள்ளவத்தை லிஃப்டில் நிற்கும் அம்மாவுக்கு இவற்றில் ஒன்றும் வேண்டியதில்லை. உங்கள் அப்பப்பாவின் வீட்டுப் படலை எந்த ஒழுங்கையைப் பார்த்து இருந்தது என்று தெரிந்தால் அவருக்குப் போதும். கணித ஆசிரியரின் மகளாகிய நீங்கள், ஒரு தாளின் வினாவுக்கு இன்னொரு தாளில் விடையெழுதிவிட்டு, புள்ளி வரவில்லையே என்று வருந்திக்கொண்டிருக்கிறீர்கள்.

தமிழில் இந்தக் கேள்வி அமைந்திருக்கும் விதத்தையும் சற்றுப் பாருங்கள். “நீங்கள் எந்த ஊர்?” என்பதில் வினைச்சொல்லும் இல்லை, ‘இருந்து’ என்பதும் இல்லை. “நான் கரவெட்டி” என்று விடை சொல்லும்போது ஆளும் ஊரும் ஒன்றாகிவிடுகின்றன. ஓரிடத்தை விட்டுப் புறப்பட்டு வந்ததற்கான தடயமே அந்த வாக்கியத்தில் இருப்பதில்லை. காலி வீதியில் முச்சக்கர வண்டி ஓட்டுபவர் சிங்களத்தில் “கம கொஹேத?” என்று கேட்பதும் இதே வார்ப்புத்தான்: கிராமம் எங்கே என்றுதான் அவரும் விசாரிக்கிறார். கொழும்பு ஒரு விடையாகவே ஏற்கப்படாமலிருப்பதற்கும் இதுவே காரணம் என்று நினைக்கிறேன். நான் கொட்டாஞ்சேனையில் பிறந்து, பொன்னம்பலவாணேஸ்வரர் கோயில் மணியோசையைக் கேட்டு வளர்ந்து, செட்டியார் தெருவிலிருந்து பம்பலப்பிட்டிக்குப் போகும் ஆடிவேல் தேரின் பின்னால் சிறுவனாக நடந்தவன். ஆனாலும் “கொழும்பு” என்று நான் விடை சொன்ன எந்த நாளிலும் “அது சரி, சொந்த ஊர்?” என்ற அடுத்த கேள்வியிலிருந்து தப்பியதில்லை. பெயரிலேயே கொழும்பைச் சுமந்துகொண்டிருக்கும் கொழும்புச் செட்டிமாரைக்கூட நம்மவர்கள் இவ்விடயத்தில் விட்டுவைப்பதில்லை. ஆகவே, கண்டம் விட்டுக் கண்டம் போகாத நானே தேறாத பரீட்சையில் நீங்கள் தேறவில்லையென்று மனம் வருந்த வேண்டாம்.

லிஃப்டில் கேட்பவர்களிற் பலர் உங்களை எடைபோடக் கேட்பதில்லை. 1983 ஜூலைக்குப் பின்னர் நாட்டைவிட்டுப் போனவர்களும், 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும் தென்மராட்சியை நோக்கி நடந்த அந்த மழை இரவில் கையிற் கிடைத்ததை எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டவர்களும், பிள்ளைகள் ஒவ்வொரு நாட்டிலும் இருக்கத் தாங்கள் மாத்திரம் கொழும்பில் ஒரு மூன்றாம் மாடியில் வந்து சேர்ந்தவர்களுமாக இருக்கும் இவர்களுக்கு, ஊரின் பெயரை இன்னொருவர் வாயால் கேட்பதே ஓர் ஆறுதல். நீங்கள் “கரவெட்டி” என்றதும் தமக்குப் படிப்பித்த ஒரு வாத்தியாரின் பெயரை அவர் சொல்லக்கூடும். அப்போது உங்களிடம் அவர் எதிர்பார்ப்பது பதிலை அன்று, அவர் சொல்லி முடிக்கும்வரை நீங்கள் லிஃப்ட் கதவைப் பிடித்துக்கொண்டிருப்பதைத்தான்.

எல்லோரும் அப்படியில்லை என்பதையும் மறைக்காமற் சொல்ல வேண்டும். ஊர், பின்னர் குறிச்சி, பின்னர் கோயில், பின்னர் “ஆருடைய ஆக்கள்?” என்று படிப்படியாக இறங்கும் இந்த விசாரணையின் கடைசிப் படியில் பெரும்பாலும் சாதிதான் இருக்கிறது. அச்சொல்லை ஒரு தடவையும் உச்சரிக்காமலேயே விடையைப் பெற்றுக்கொள்ளும் கலையில் நம்மவர்கள் கைதேர்ந்தவர்கள். இந்தப் படிக்கு வந்ததும் “எனக்குத் தெரியாது” என்று நீங்கள் இப்போது வெட்கத்தோடு சொல்கிறீர்கள். அதையே வெட்கமில்லாமற் சொல்லுங்கள். கேட்பவரின் வசதிக்காகக் குடும்ப வரலாற்றைத் தேடிப் படித்து வைக்கும் கடமை உங்களுக்கு இல்லை. தெரிந்திருந்தாலும் நான் சொல்லியிருக்க மாட்டேன்.

கொழும்பில் இக்கேள்விக்கு இன்னொரு பழைய நிழலும் உண்டு. யுத்த காலத்தில் சோதனைச் சாவடியில் அடையாள அட்டையைத் திருப்பி, பிறந்த இடம் என்ற வரியைப் பார்த்துவிட்டுக் கேட்கப்பட்ட கேள்வி இது. வீட்டிலிருப்போரின் பெயர்களைப் பொலிஸில் பதிந்தபோது கேட்கப்பட்ட கேள்வியும் இதுவே. 2007 ஜூன் 7 ஆம் திகதி, கொழும்பு விடுதிகளில் தங்கியிருந்த 300 க்கும் மேற்பட்ட தமிழர்கள், தலைநகரில் தங்கியிருக்கத் தகுந்த காரணம் இல்லையென்று சொல்லப்பட்டு, பேருந்துகளில் ஏற்றி அனுப்பப்பட்டனர். மறுநாளே உயர் நீதிமன்றம் அதைத் தடுத்து நிறுத்தியது. சில நாட்களுக்குள் அன்றைய பிரதமர் ரத்னசிறி விக்கிரமநாயக்க வருத்தம் தெரிவித்தார். ‘உனது ஊருக்குப் போ’ என்பது கட்டளையாக வந்த நாட்களைக் கண்டவர்கள் இன்றும் “எந்த ஊர்?” என்ற கேள்வியைக் கேட்டதும் ஒரு கணம் தயங்குவார்கள். ஆகையால், நீங்கள் திருப்பிக் கேட்கும்போது யாராவது பட்டும் படாமலும் பதில் சொன்னால் அதை வற்புறுத்த வேண்டாம்.

இனி, என்னதான் சொல்வது? நமது நாளிதழ்களின் மரண அறிவித்தல் பக்கத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமை பொறுமையாக வாசித்துப் பாருங்கள். ‘இணுவிலைப் பிறப்பிடமாகவும், கொழும்பு வெள்ளவத்தை, கனடா ஸ்காபரோ ஆகிய இடங்களை வதிவிடமாகவும் கொண்டிருந்த’ என்று தொடங்கும் அறிவித்தல்களால் அப்பக்கம் நிறைந்திருக்கும். ஒரு தீவிலே பிறந்து, ஒரு நகரத்திலே உழைத்து, மூன்றாவது நாட்டிலே பேரப்பிள்ளைகளை வளர்த்து, நான்காவது நாட்டிலே கண்மூடியவர்களைப் பற்றிய செய்தியை ஒரே பெயரெச்சத் தொடருக்குள் அடக்கிவிடும் இவ்வழக்கு, புலம்பெயர்ந்த நாற்பது வருடங்களில் நாம் செய்துகொண்ட மிகச் சிறந்த உரைநடைக் கண்டுபிடிப்பு என்பது என் அபிப்பிராயம். அதில் பிறப்பிடம் ஒன்று, வதிவிடங்கள் பல. பிள்ளைகளின் பெயர்களுக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் நோர்வே, பிரான்ஸ், அவுஸ்திரேலியா. வாசிக்கும் எவரும் “அது சரி, உண்மையில் எந்த ஊர்?” என்று கேட்பதில்லை. இறந்தவருக்கு நாம் தயங்காமற் கொடுக்கும் இந்தச் சலுகையை உயிரோடிருக்கும்போதே எடுத்துக்கொள்ளுங்கள் என்பதுதான் நான் உங்களுக்குச் சொல்வது.

உங்கள் கணக்கில் அது இவ்வாறு வரும்: “அப்பா கரவெட்டி, அம்மா கல்லடி, நான் பிறந்தது சாம்பியாவில், வளர்ந்தது பொட்ஸ்வானாவிலும் லண்டனிலும், இப்போது இங்கேதான் இருக்கிறேன்.” லிஃப்ட் மூன்றாம் மாடிக்குப் போவதற்குள் சொல்லி முடித்துவிடலாம். இங்கே கேட்பவர்கள் குடும்பத்தைக் கேட்பதால் அப்பா அம்மாவிலிருந்து தொடங்கியிருக்கிறேன்; லண்டனில் ஒருவர் கேட்டால் லண்டனிலிருந்தே தொடங்குங்கள், அவர் அங்கேயே நின்றுவிட்டால் மீதியைச் சொல்லாமல் விடுங்கள். பிறந்தது, வளர்ந்தது, படித்தது, இருப்பது என்று இடத்துக்கு ஒரு சொல்லைக் கொடுத்துவிட்டால் எந்த இடமும் மற்றதைப் பொய்யாக்காது.

‘யாதும் ஊரே’ என்று சொல்வதை மாத்திரம் நான் சிபாரிசு செய்ய மாட்டேன். புறநானூற்றின் அந்த 192 ஆம் பாட்டு, நீரின் வழியே போகும் தெப்பத்தைப் போல உயிர் முறையின் வழியே போகிறது என்று சொல்லும் பாட்டு; லிஃப்டில் ஒரு முதியவரின் வாயை அடைப்பதற்காக எழுதப்பட்டதன்று. மேலும், அதைப் பாடிய கணியன் பூங்குன்றனாரின் பெயரிலேயே பூங்குன்றம் என்ற ஊர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. எல்லா ஊரும் தன்னுடையது என்றவரையும் எந்த ஊர் என்று கேட்டுத்தான் தமிழ் அடையாளம் கண்டிருக்கிறது. நமக்கு இன்னும் நெருக்கமான ஒருவர் சங்கப் புலவர்களுள் இருக்கிறார்: மதுரை ஈழத்துப் பூதன்தேவனார். மதுரையையும் ஈழத்தையும் ஒன்றையொன்று நீக்காமல் முன்னும் பின்னுமாக நிறுத்தி, அதற்குப் பிறகே ஆளின் பெயரைச் சொல்லியிருக்கிறார்கள்.

கேள்வி: என் பிள்ளைகள் இருவரும் டோஹாவில் பிறந்தவர்கள், மூத்தவனுக்கு 12 வயது, இளையவளுக்கு 9. கடந்த வருடம் தெகிவளைக்கு வந்துவிட்டோம். பாடசாலையில் எந்த நாடு என்று கேட்டால் இருவரும் “கட்டார்” என்கிறார்கள். அப்பம்மா இதைக் கேட்டு அழுகிறார். “யாழ்ப்பாணம் என்று சொல்லப் பழக்கு” என்று என்னோடு சண்டை பிடிக்கிறார். சட்டப்படி இவர்கள் யார்? (வாசகர், தெகிவளை)

பதில்: சட்டத்திலிருந்து தொடங்குவோம், அது இலகுவானது. கட்டார் தன் மண்ணிற் பிறந்தவர் என்ற காரணத்துக்காக மாத்திரம் எவருக்கும் பிரஜாவுரிமை கொடுப்பதில்லை. இலங்கைச் சட்டத்தின்படி, வெளிநாட்டில் பிறந்த பிள்ளையின் பெற்றோரில் ஒருவர் இலங்கைப் பிரஜையாக இருந்து, பிறப்பு ஒரு வருடத்துக்குள், அல்லது தகுந்த காரணத்துக்காக நீடிக்கப்படும் காலத்துக்குள் பதியப்பட்டால், அப்பிள்ளை வம்சாவளிப் பிரஜையாகும். 2003 ஆம் ஆண்டுத் திருத்தத்துக்கு முன்னர் திருமணத்துக்குள் பிறந்த பிள்ளைக்குத் தந்தையின் வழியாகவே இவ்வுரிமை வந்தது; இப்போது தாயின் வழியாகவும் வரும். டோஹாவிலுள்ள தூதரகத்தில் பதிந்திருந்தால் அச்சான்றிதழைப் பத்திரமாக வைத்திருங்கள். இல்லையென்றால் பத்தரமுல்லையிலுள்ள குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்துக்குத் தாமதியாமற் போய் வாருங்கள். படிவத்தில் பிறந்த இடம் என்றால் டோஹா என்றும் பிரஜாவுரிமை என்றால் இலங்கை என்றும் எழுதுவதில் முரண்பாடு ஏதும் இல்லை.

அப்பம்மாவின் அழுகை அதைவிடச் சிக்கலானது. 1950 களில் இந்தியாவில் வாழ்ந்த அமெரிக்கக் குடும்பங்களின் பிள்ளைகளைப் பார்த்துவிட்டு, ரூத் ஹில் யூசீம் என்ற சமூகவியலாளர் அவர்களை ‘மூன்றாம் பண்பாட்டுப் பிள்ளைகள்’ என்று அழைத்தார்: பெற்றோரின் பண்பாடு முதலாவது, வாழும் நாட்டினது இரண்டாவது, இரண்டுக்கும் நடுவில் இப்பிள்ளைகள் தங்களுக்குள் உண்டாக்கிக்கொள்வது மூன்றாவது. உங்கள் மகன் “கட்டார்” என்பது அந்த நாட்டைத் தன்னுடையது என்று உரிமை கோருவதற்காக இருக்காது. தன் சிநேகிதர்கள் அங்கே இருக்கிறார்கள் என்பதற்கு அவனிடம் வேறு சொல் இல்லை. அவன் பார்த்திராத ஊரைச் சொல்லும்படி பழக்கினால் அவன் சொல்லுவான், ஆனால் அது பாடமாக்கிய விடையாக இருக்கும். அப்பம்மாவையும் பிள்ளைகளையும் யாழ்தேவியில் ஏற்றி ஒரு விடுமுறைக்கு ஊருக்கு அனுப்பி வையுங்கள். நீங்கள் கூடப் போகாமலிருந்தால் இன்னும் நல்லது.

கேள்வி: என் ஊர் பொகவந்தலாவை. புறக்கோட்டையில் ஒரு புடவைக்கடையில் ஏழு வருடங்களாக வேலை செய்கிறேன். நான் இந்த நாட்டை விட்டு ஒரு நாளும் வெளியே போனதில்லை. ஆனால் எந்த ஊர் என்று கேட்டு நான் பொகவந்தலாவை என்றதும், “அதில்லை தம்பி, பூர்வீகம்?” என்கிறார்கள். பாட்டியின் தம்பி குடும்பம் கோத்தகிரியில் இருக்கிறது. அவர்களை அங்கே ‘சிலோன்காரர்’ என்கிறார்களாம். பல நாடுகளில் வாழ்ந்தவர்களுக்குக் குழப்பம் வருவது சரி, எனக்கு ஏன்? (வாசகர், கொழும்பு 11)

பதில்: நீங்கள் நாடு மாறவில்லை, தம்பி, உங்களைச் சுற்றியிருந்த சட்டங்கள் மாறின. 1911 ஆம் ஆண்டின் சனத்தொகைக் கணக்கெடுப்பில் இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர் என்று தனித்தனியாக எண்ணத் தொடங்கினார்கள். 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்டங்களில் இருந்தவர்களிற் பெரும்பாலோரை எந்த நாட்டுக்கும் உரியவராக இல்லாமற் செய்தது. 1964 ஒக்டோபரில் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தப்படி 525,000 பேரை இந்தியாவும் 300,000 பேரை இலங்கையும் ஏற்பதென்று முடிவாயிற்று. எஞ்சிய 150,000 பேரை 1974 இல் பாதிக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். அந்த ஆட்களிடம் எந்த ஊர் என்று எவரும் அன்று கேட்டதாகத் தெரியவில்லை, எண்ணிக்கையைத்தான் கேட்டார்கள். தலைமன்னாரில் கப்பலேறி இராமேஸ்வரத்தில் இறங்கியவர்களுக்கு வேலை கொடுப்பதற்காகத் தமிழ்நாடு அரசு 1968 இல் நீலகிரிப் பகுதியில் தேயிலைத் தோட்டங்களைத் தொடங்கியது. இங்கே கொழுந்து பறித்த கை அங்கேயும் கொழுந்தே பறித்தது. இங்கே ‘இந்தியத் தமிழர்’, அங்கே ‘சிலோன்காரர்’. இங்கே எஞ்சியிருந்த நாடற்றோரின் கணக்கைத் தீர்ப்பதற்கான சட்டம் 2003 ஆம் ஆண்டில்தான் வந்தது.

ஆகவே, “பூர்வீகம்?” என்று கேட்பவருக்கு உங்கள் பாட்டனாரின் பாட்டனார் எந்தக் கிராமத்திலிருந்து வந்தார் என்பதை நீங்கள் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டியதில்லை. கேட்பவரின் பாட்டனாரின் பாட்டனாரைப் பற்றி அவருக்கே தெரிந்திருக்காது. 2023 இல் மலையக மக்களின் 200 வருட வருகையை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை நடைபயணம் போனார்கள். எந்தக் கோப்பிலும் எழுதப்படாத பெயர்கள் காட்டுவழியில் புதைந்த அதே பாதை அது. இருநூறு வருடம் போதாதென்றால் எத்தனை வருடம் போதும் என்று மரியாதையாக ஒரு தடவை திருப்பிக் கேட்டுப் பாருங்கள். மேலே வெள்ளவத்தை வாசகிக்குப் பல சொற்கள் தேவைப்பட்டன. உங்களுக்கு ஒன்றே போதும்: பொகவந்தலாவை. இரண்டாவது தடவை கேட்டால் அதையே இரண்டாவது தடவையும் சொல்லுங்கள்.

கேள்வி: புதிதாகக் குடிவந்த அயலவரை மனம் நோகாமல் ஊர் விசாரிப்பது எப்படி? விசாரிக்காமலும் இருக்க முடியவில்லை. (வாசகி, பம்பலப்பிட்டி)

பதில்: உங்களுடையதை முதலிற் சொல்லிவிடுங்கள். எங்கள் தொடர்மாடியில் எண்பது வயதைத் தாண்டிய ஓர் அம்மா இருக்கிறார். எவர் புதிதாக வந்தாலும் படியிலே மறித்து, “நான் இணுவில், 95 இல் வெளிக்கிட்டது, பிள்ளையள் கனடாவில், இஞ்ச தனியத்தான் இருக்கிறன்” என்று ஒரே மூச்சிற் சொல்லிவிட்டு, கேள்வி எதுவும் கேட்காமல் கைப்பையைத் திறந்து தோடம்பழ இனிப்பொன்றை எடுத்து நீட்டுவார். கட்டடத்தில் உள்ள அத்தனை பேருடைய ஊரும் அவருக்குத் தெரியும்.